ஐந்து ஸ்டார் போட்டவன்

காசு வாங்கிக்கொண்டு பொய் ரிவ்யூ எழுதியவன் நான். இணையக் கடைகளில் மாடித்தோட்டச் சாமான்கள் விற்கிறார்களே, காய்கறி விதை, தேங்காய் நார்த்தூள் கட்டி, வேப்பெண்ணெய், குரோ பேக், அவற்றுக்கு எழுதினேன். யாரும் மிரட்டி எழுத வைக்கவில்லை. அந்தப் பணம் வந்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையும் இல்லை, மாதச் சம்பளக்காரன். தெரிந்தே எழுதினேன். எழுதியதை மறைத்தேன். மறைப்பதற்காக, என்னை அண்ணன் என்று கூப்பிட்ட ஒரு பையனிடம் இன்னொரு பொய்யும் சொன்னேன். அந்த இரண்டாவது பொய்தான் இதை எழுத வைக்கிறது.

மதுரையில் எங்கள் பக்கத்து மாடித்தோட்டக்காரர்கள் சிலர் மாதம் ஒரு ஞாயிறு காலையில் பூங்காவில் கூடுவோம். தலைவர் கிடையாது, சந்தா கிடையாது. கையில் மிஞ்சிய விதையைப் பழைய மொய்க் கவரில் போட்டு, மேலே செடியின் பெயரையும் விதை எடுத்த மாதத்தையும் எழுதிக் கொண்டுவருவோம். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். முளைத்ததா, காய்த்ததா, என்ன பூச்சி வந்தது என்று பிறகு வந்து சொல்ல வேண்டும். முளைக்கவில்லை என்றாலும் வந்து சொல்ல வேண்டும். கொடுத்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார், தன்னிடம் மீதி இருப்பதைச் சோதித்துப் பார்ப்பார். எங்கள் கூட்டம் நிற்பதே இந்தச் சொல்லின் மேல்தான். அங்கே வருபவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் உண்டு. எல்லோருக்கும் டீச்சர். விலா விலாவாக வரி விழுந்த, புளிப்புத் தூக்கலான ஒரு நாட்டுத் தக்காளியை அவர் வருஷக்கணக்காக விதை எடுத்துக் காப்பாற்றி வருகிறார். என் மாடியில் காய்ப்பதும் அவர் கொடுத்த விதையிலிருந்து வந்ததுதான். இந்தத் தக்காளி பின்னால் வரும்.

ரிவ்யூ வேலைக்கு நான் போன கதை சாதாரணமானது. தோட்டச் செலவு வீட்டில் பேச்சாகிக்கொண்டிருந்த சமயம் அது. கீரை இருபது ரூபாய்க்குக் கிடைக்கும்போது இருநூறு ரூபாய்க்குப் பையும் மண்ணும் எதற்கு என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்காது. அப்போது தெரிந்தவர் ஒருவர் கைப்பேசியில் ஒரு குழுவில் சேர்த்துவிட்டார். பொருள் முழுக்க இலவசம், ரிவ்யூ மட்டும் போட்டால் போதும் என்றார். சந்தோஷமாகச் சேர்ந்தேன்.

அந்தக் குழுக்களை நடத்துபவருக்கு மீடியேட்டர் என்று பெயர். விற்பவருக்கும் நமக்கும் நடுவில் நிற்கிறவர். அவர் பொருளின் படத்தைப் போடுவார், லிங்க் தர மாட்டார். இன்ன வார்த்தையைப் போட்டுத் தேடுங்கள், கீழே இறக்கிக்கொண்டே போய்க் கண்டுபிடியுங்கள், வழியில் வேறு இரண்டு கடைக்காரர்களின் பொருளையும் திறந்து கொஞ்ச நேரம் பாருங்கள், பிறகு வாங்குங்கள் என்பார். நிஜ வாடிக்கையாளர் தேடி அலைந்து தேர்ந்தெடுத்ததாகக் கடையின் கணினி நம்ப வேண்டும். பணத்தை முதலில் நாம்தான் முழுசாகக் கட்ட வேண்டும். அப்போதுதான் ரிவ்யூவின் பக்கத்தில் 'உண்மையாக வாங்கியவர்' என்ற அடையாளம் விழும். பொருள் வந்து சில நாள் கழித்து ஐந்து ஸ்டாரும் நாலு வரியும் ஒரு படமும் போட்டு, அதன் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினால், கட்டிய பணம் யுபிஐயில் திரும்பி வரும். சில டீல்களில் ஐம்பது ரூபாய் பிடித்துக்கொள்வார்கள். சிலவற்றில் மேலே ஐம்பது கொடுப்பார்கள். பெட்டி காலியாக வரும் டீல்களும் உண்டு, அவற்றை நான் எடுக்கவில்லை. எடுக்காததை ரொம்ப நாள் என் நேர்மைக்குச் சாட்சியாக வைத்திருந்தேன்.

மீடியேட்டர் ஒரு முறை எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார்: "சார், நீங்க எழுதுறது ரொம்ப நேச்சுரலா இருக்கு. சின்னதா ஒரு குறையும் சேர்த்துக்கங்க. பேக்கிங் சுமார்தான்னு போட்டா இன்னும் நம்புவாங்க." அந்தப் பாராட்டில் எனக்கு உண்மையாகவே மனம் குளிர்ந்தது. சொன்னபடியே பேக்கிங் சுமார் என்று எழுத ஆரம்பித்தேன்.

என் ரிவ்யூக்கள் நன்றாக இருந்ததற்குக் காரணம், எனக்குத் தோட்டம் தெரியும். "சூப்பர் புராடக்ட்" என்று எழுதும் ஆள் இல்லை நான். குழித்தட்டில் போட்டேன், மேலே மெல்லிய துணி மூடினேன், ஐந்தாம் நாளே தலை நீட்டியது என்று எழுதுவேன். படிக்கிறவருக்கு இது தோட்டக்காரன் பேச்சு என்று உடனே தெரியும். பூங்காவில் நாங்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் அதே பேச்சு. ஆதாயம் எதுவும் இல்லாமல், பிடித்ததைப் பிடித்தது என்று சொல்லும் தொனி. செடி வளர்ப்பவர்கள் முன்பின் தெரியாத இன்னொரு செடிக்காரரை நம்புவது அந்தத் தொனியைக் கேட்டுத்தான். அது பலர் சேர்ந்து பல வருஷம் உண்டாக்கிய தொனி. அதை எடுத்துக்கொண்டு போய் விற்றேன். மற்றவர்களின் மேம்போக்கான புகழ்ச்சியைவிட என் எழுத்து அதிகம் பேரை ஏமாற்றியிருக்கும் என்று நினைக்கிறேன்.

விதை விஷயத்தில் பொய் என்பது நாள் கணக்கிலேயே தெரிந்துவிடும். பொருள் கையில் கிடைத்துப் பத்து நாளுக்குள் ரிவ்யூ போட வேண்டும் என்பது டீலின் நிபந்தனை. தக்காளி விதை முளை காட்டவே ஒரு வாரம் ஆகும். நாற்றைப் பிடுங்கி நட இருபத்தைந்து நாள். பழம் பார்க்க அதற்கு மேல் இரண்டு மாதம். மிளகாய் இன்னும் மந்தம், முளைக்கவே இரண்டு வாரம்கூட எடுக்கும். பத்து நாளில் தக்காளி விதையைப் பற்றி ஒருவனால் எழுத முடிந்த உண்மை, உறை கிழியாமல் வந்தது என்பது மட்டும்தான். நானோ பழுத்த தக்காளியைக் கையில் ஏந்திய படத்தைப் போட்டேன். பழம் டீச்சர் கொடுத்த விதையில் காய்த்தது, படம் போன வருஷத்துடையது. அந்தக் கம்பெனி உறையை அப்போது நான் பிரிக்கக்கூட இல்லை.

பிறகு பிரித்தேன். இருபதைப் போட்டதில் மூன்று முளைத்தது. நம் நாட்டில் 1966-ம் வருஷத்து விதைச் சட்டம் இருக்கிறது. அதன்படி தக்காளிக்கும் கத்தரிக்கும் குறைந்தது 70 சதவீதம் முளைப்புத்திறன் இருக்க வேண்டும், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. ரகத்தின் பெயர், குவியல் எண், முளைப்புச் சதவீதம், சோதித்த தேதி எல்லாம் உறைமேல் அச்சாகியிருக்க வேண்டும். நான் ஐந்து ஸ்டார் போட்ட உறையில் பெரிய தக்காளிப் படமும் 'ஹைபிரிட்' என்ற சொல்லும் தவிர எதுவும் இல்லை. இது எனக்குத் தெரியும். புதிதாக வாங்குகிறவருக்குத்தான் தெரியாது. தெரிந்த நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அந்த ரிவ்யூதான்.

நார்த்தூள் கட்டி விஷயத்தில் செய்தது வேறு மாதிரி. அதில் நான் எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மை. ஐந்து கிலோ கட்டி நன்றாக உப்பி வந்தது, பிசிறு இல்லை, நிறம் நன்றாக இருந்தது, எல்லாம் உண்மை. எழுதாமல் விட்டது ஒன்று. தேங்காய் மட்டையை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிரித்த நாரின் தூளில் உப்பு தங்கிவிடும். கழுவாமல் போட்டால் நாற்றின் இலை நுனி கருகும், வேர் சுருங்கும். நல்ல வியாபாரிகள் கழுவி, உப்பு அளவைச் சோதித்து, அதை அட்டையில் போட்டுத் தருகிறார்கள். எனக்கு வந்த கட்டியை ஊறவைத்த தண்ணீரை நாக்கில் வைத்தாலே கரித்தது. மூன்று தடவை தண்ணீர் மாற்றி அலசித்தான் நான் பைகளில் நிரப்பினேன். ரிவ்யூவில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. என் செடிகளுக்கு மட்டும் அந்த உண்மை போதும் என்று நினைத்துவிட்டேன்.

இனி அந்தப் பையனைப் பற்றி.

செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை. மொட்டை மாடியில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தான். கிராமத்திலிருந்து வந்தவன். வீட்டில் அம்மா போட்ட பந்தலில் புடலை தொங்கும் என்று சொல்லுவான். அந்த ஞாபகத்தில்தான் எங்கள் கூட்டத்துக்கு வர ஆரம்பித்தான். முதல் சம்பளத்தில் ஆறு பை வாங்கினான். பூங்காவில் கிடைக்கும் விதையைக் கூச்சப்பட்டு எடுக்க மாட்டான், திருப்பிக் கொடுக்கத் தன்னிடம் எதுவும் இல்லையே என்பான். அதனால் இணையத்தில் வாங்கினான். எந்த விதை வாங்கினான் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியைத் திறந்து காட்டினான். நான் எழுதிய அதே தக்காளி. கீழே என் ரிவ்யூதான் முதலில் நின்றது. நான் அங்கே வேறு பெயர் வைத்திருந்ததால் அவனுக்குத் தெரியவில்லை.

"அண்ணே, இத்தனை பேருக்கு வந்துருக்கு, எனக்கு ஒண்ணுகூட முளைக்கலண்ணே. இவரப் பாருங்க, அஞ்சாம் நாளே வந்துருச்சாம். நான் தண்ணி கிண்ணி அதிகமா ஊத்திட்டேனா?"

அந்த நொடியில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம். விதை மோசம்டா என்று சொல்லியிருந்தால் போதும். எனக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்டிருக்கக்கூட மாட்டான். ஆனால் சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், அவன் கையில் என் தக்காளிப் படம் இருந்தது, எனக்குப் பயம் வந்துவிட்டது. "ஆமா, அதிகமாத்தான் ஊத்தியிருப்ப. விதை அழுகியிருக்கும். அடுத்த தடவை தெளிச்சு மட்டும் விடு" என்றேன்.

அவன் அப்படியே கேட்டான். அதே விதையை மறுபடி வாங்கினான். தெளித்து மட்டும் விட்டான். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, இரவு வந்து ஒரு தடவை கைப்பேசி வெளிச்சத்தில் பைகளைப் பார்ப்பானாம். ஒன்றிரண்டு முளைத்து, நூலாக நீண்டு, சாய்ந்துவிட்டன. ஆடிப்பட்டம் போய்விட்டது. அதற்கடுத்த மாதம் ஆறு பைகளையும் மடித்துக் கட்டிப் பூங்காவுக்குக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். "எனக்குக் கைராசி இல்லண்ணே. அம்மாவுக்கு இருக்கு, எனக்கு வரல. நீங்களாச்சும் வச்சுக்கங்க." நான் வாங்கிக்கொண்டேன். அவற்றில் கத்தரி வைத்தேன்.

விதைக்கு அவன் கொடுத்த காசு பெரிதில்லை. புதிதாகச் செடி வைக்கிறவர் பொருளைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் தன் கையைத்தான் சந்தேகப்படுவார். தண்ணீர், வெயில், மண், வைத்த நேரம் என்று தான் செய்த நூறு காரியங்களில் எது தப்பு என்று தேடுவார். அந்தத் தேடலில் அவருக்குக் கிடைக்கும் ஒரே தடயம் மற்றவர்களின் அனுபவம். நானும் என்னைப் போன்றவர்களும் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, எல்லோருக்கும் வந்தது, உனக்குத்தான் வரவில்லை என்று சொல்கிறோம். நான் போட்ட ஐந்து ஸ்டார் சொன்னதும் அதுதான், பூங்காவில் என் வாய் சொன்னதும் அதுதான். ஒரு மிக்ஸியோ சட்டையோ மோசமாக இருந்தால் வாங்கியவர் கடைக்காரரைத் திட்டிவிட்டுப் போவார். விதையில் ஏமாந்தவர் தன்னையே திட்டிக்கொள்கிறார். ஒரு பட்டம் முழுக்கக் காத்திருந்து திட்டிக்கொள்கிறார்.

அவன் பைகளைக் கொடுத்துவிட்டுப் போன பிறகும் நான் உடனே நிறுத்தவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் இந்த வாக்குமூலமும் பொய்யாகிவிடும். விதைக்கு எழுதுவதை மட்டும் விட்டேன். பைக்கும் பூவாளிக்கும் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். இரவில் உட்கார்ந்து இந்த விஷயம் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன், என் தப்பு எவ்வளவு சிறியது என்று யாராவது சொல்லியிருக்க மாட்டார்களா என்று.

படித்ததில் ஆறுதல் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் 2019-ல் ஒரு வழக்கு. நம் குடம்புளியிலிருந்து எடுத்த சாற்றை உடல் இளைக்க மாத்திரையாக அமேசானில் விற்ற நிறுவனம், ஸ்டார் சராசரி 4.3-க்குக் கீழே இறங்காமல் இருக்கக் காசு கொடுத்துப் பொய் ரிவ்யூ போட வைத்தது என்று அந்நாட்டு வணிக ஆணையம் வழக்குத் தொடுத்தது. 1.28 கோடி டாலர் என்று தீர்வானது, 50,000 டாலரைக் கட்டினால் மீதியை நிறுத்திவைப்பதாக ஏற்பாடு. இன்னொரு கடைக்காரரின் இணையதளத்தில் காசுக்குப் போட்ட பொய் ரிவ்யூவுக்காக அந்த ஆணையம் தொடுத்த முதல் வழக்கு அதுதான். பொய் ரிவ்யூவை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் தனி விதியே அங்கே 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

2020-ல் நடந்த ஒன்று எனக்கு இன்னும் நெருக்கமாகப் பட்டது. அந்த வருஷம் அமெரிக்காவில் ஏராளமான வீடுகளுக்கு, கேட்காமலே, சீனாவிலிருந்து சின்னச் சின்ன விதைப் பொட்டலங்கள் தபாலில் வந்தன. பலவற்றின் மேல் உள்ளே நகை இருப்பதாக எழுதியிருந்தது. புதுப் பூச்சியோ களையோ நோயோ நாட்டுக்குள் வந்துவிடும் என்று பயந்து, யாரும் நட வேண்டாம் என்று வேளாண் துறை அறிவித்தது. சோதித்தபோது கடுகு, முட்டைக்கோசு, புதினா, செம்பருத்தி என்று சாதாரண விதைகள்தான் நிறைய இருந்தன. பொய் ரிவ்யூவுக்கான தந்திரமாக இருக்கலாம் என்று அந்தத் துறை சொன்னது. விற்பவரே யாரோ ஒருவர் பெயரில் ஆர்டர் போட்டுக்கொள்வார். ஏதாவது ஒன்று அந்த முகவரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், அந்தப் பெயரிலேயே 'உண்மையாக வாங்கியவர்' என்று ரிவ்யூ எழுதலாம். அதைப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. அங்கே அந்த அடையாளத்துக்காக ஊர் பேர் தெரியாதவர்களின் முகவரியைத் திருட வேண்டியிருந்தது. என்னிடம் திருட வேண்டிய அவசியமே இல்லை. பெயரையும் முகவரியையும் நானே கொடுத்தேன்.

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. 2020-ம் வருஷத்து மின்வணிக விதிகள், விற்பவர் வாங்குகிறவர் வேஷம் போட்டு ரிவ்யூ எழுதக்கூடாது என்கின்றன. நான் விற்பவன் இல்லையே, நிஜமாகவே வாங்கியவன்தானே என்று அந்தச் சந்தில் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய ரிவ்யூக்களுக்கென்றே ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. கட்டாயம் என்று இல்லாமல், விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில் வந்தது. காசு கொடுத்து வாங்கிய ரிவ்யூவை வெளியிடக்கூடாது என்று அது சொல்கிறது. அதற்குப் பிறகு ஒளிய இடம் இல்லை. ஆனால் தரநிலையைப் படித்துத் திருந்தினேன் என்று சொல்ல மாட்டேன். மாட்டிக்கொண்டேன், அதனால் நின்றது.

கண்டுபிடித்தது டீச்சர். பேத்திக்கு விதை வாங்கலாம் என்று பார்த்தபோது அந்தப் படம் கண்ணில் பட்டிருக்கிறது. தன் தக்காளி அவருக்குத் தெரியாதா? பின்னால் தெரிந்த நீலச் சாயம் போன கைப்பிடிச் சுவரும் அவர் வந்து பார்த்த சுவர். கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். "தம்பி, இது உங்க மாடிதானே?" என்று மட்டும் கேட்டார். யாரோ என் படத்தைத் திருடியிருக்கிறார்கள் என்று சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். யோசித்தேன், சொல்லவில்லை, அவ்வளவுதான். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. நான் விதை கொடுத்ததை நீங்கள் யாருக்கோ விற்றுவிட்டீர்கள் என்றார். பிறகு, "அந்தச் செல்போன் கடைத் தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எழுந்து போய்விட்டார்.

மறுநாள் அவன் கடைக்குப் போனேன். முதலாளி இருந்தார், வெளியே கூப்பிட்டுச் சொன்னேன். நான் எழுதிய ரிவ்யூதான் அது, என் கையிலும் அந்த விதை சரியாக முளைக்கவில்லை, தெரிந்துகொண்டேதான் உன்னிடம் தண்ணீர் அதிகம் என்றேன் என்று சொன்னேன். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். "அப்ப நான் தண்ணி சரியாத்தான் ஊத்துனேனா?" என்று கேட்டான். சரியாத்தான் ஊத்தின என்றேன். தலையை ஆட்டிவிட்டு, வேலை இருக்கு என்று உள்ளே போனான். பைகளைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி அறை வாசலில் வைத்தான். மறுபடி செடி வைத்தானா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கும் உரிமை எனக்கு இருப்பதாக நினைக்கவில்லை. அவன் கூட்டத்துக்கு வருவதில்லை.

எழுதிய ரிவ்யூக்களை எல்லாம் அழித்தேன். அழித்ததால் அவற்றை நம்பி வாங்கியவர்களுக்கு எதுவும் திரும்பவில்லை. அவர்கள் யார், எத்தனை பேர், எந்த ஊர் மாடிகளில் காலிப் பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு வழி கிடையாது. இந்தப் பொய்யில் அதுதான் கொடுமை, மன்னிப்புக் கேட்க முகவரி இல்லை. மீடியேட்டரிடம் விலகுகிறேன் என்றேன். பரவாயில்லை சார், வேற ஆள் இருக்காங்க என்று பதில் வந்தது.

அடுத்த ஞாயிறு பூங்காவில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். இரண்டு பேர் எழுந்து போனார்கள். ஒருவர், தானும் ஒரு சமயம் உரத்துக்கு அப்படி எழுதியதாகப் பிறகு தனியாக வந்து சொன்னார். அவரிடம் நீங்களும் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லாததால் பேசாமல் கேட்டுக்கொண்டேன். அன்றைக்கு ஒரு வழக்கம் தொடங்கியது. கொண்டுவருகிற ஒவ்வொரு விதை உறையின் மேலும், ஈரத்துணியில் எத்தனை போட்டோம், எத்தனை முளைத்தது, எந்தத் தேதியில் பார்த்தோம் என்று கொடுப்பவரே எழுத வேண்டும். எல்லோரும் தங்கள் விதையைத் தாங்களே சோதித்து எழுதுகிறார்கள். என் உறைகளை மட்டும் டீச்சர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய், தானே முளைக்கப் போட்டுப் பார்த்து, தன் கையெழுத்தில் எண்ணை எழுதி, அதற்கடுத்த மாதம்தான் மற்றவர்களுக்குக் கொடுக்கிறார். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நானும் சொல்லியிருக்கிறேன்.